எத்தனை வருடமாக

காலை ஏழு இருபதுக்குக் கோவிந்தன் சித்தப்பா ஃபைலைக் கேட்டார்.

கிருத்திகா கொடுக்கவில்லை. ஃபைல் அவள் மடியில் இருந்தது. ஜோகுபாளையத்து வீட்டின் முன்னறையில் அப்பா சந்திரன் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தார். மேல் கண்ணாடி பனித்துக்கொண்டே இருந்தது. அம்மா சொர்ணம் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்றவர்களிடம் சித்தப்பா மறுபடியும் தொடங்கினார். நுரையீரலில் ஒன்பது மில்லிமீட்டர் கட்டி. ஊசி விட்டுச் சதை எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை போதும் என்றார்கள். ரிஸ்க் கம்மி என்று ரிப்போர்ட் வந்தது. ஆறு மாதம் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். ஐந்தாம் மாதமே அண்ணன் ரத்தமாகத் துப்பினார். லேப் மேல் கேஸ் போட வேண்டும். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பும்படி வக்கீல் சொல்லியிருக்கிறார்.

“குடும்மா. பதினோரு மணிக்கு எடுக்கணும். அதுக்குள்ள அனுப்பிடலாம்.”

“குடுக்க மாட்டேன் சித்தப்பா.”

“உங்கப்பன கொன்னவன நீ காப்பாத்துறியா?”

அந்த ரிப்போர்ட் ரத்தத்தை மட்டும் வைத்து எழுதியதல்ல. ரத்தத்தோடு ஒரு படிவமும் போனது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள், சரியாக எழுதுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று ஆஸ்பத்திரியில் பேனா கிருத்திகாவிடம் இருந்தது. வயது அறுபத்தொன்று. வேலை, பீன்யாவில் லேத் மிஷின். சிகரெட் பழக்கம் உண்டா, எத்தனை வருடமாக?

அப்பா இல்லை என்றார். சட்டென்று சொன்னார். அம்மா சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருத்திகா பிறந்த அன்று விட்டுவிட்டதாக அம்மாவிடம் சத்தியம் செய்தவர். கல்லூரி நாட்களில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் கிருத்திகா அவரைச் சிகரெட்டும் கையுமாகப் பல தடவை பார்த்திருக்கிறாள். ஒருமுறை அவரும் பார்த்துவிட்டார். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். அன்றைக்கு அவளுக்கு ஃபலூடா வாங்கிக் கொடுத்தார். அம்மாவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

‘இல்லை’ என்ற கட்டத்தில் அவள் டிக் போட்டாள்.

சித்தப்பா ஃபைலின் மேல் கை வைத்தார். அவள் எழுந்து நின்றாள்.

“ரத்தம் பொய் சொல்லல சித்தப்பா. அப்பா சிகரெட் பிடிச்சாரு. இல்லன்னு எழுதுனது நான். உண்மைய எழுதியிருந்தா அப்பவே சதை எடுத்துப் பாத்திருப்பாங்க.”

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். போனவர் மேல் பழி போடாதே, அண்ணி காதில் விழும், கேஸும் நிற்காது என்றார்.

“விழட்டும். வக்கீல் கேட்டாலும் இதான் சொல்வேன். கோர்ட்ல கேட்டாலும் இதான்.”

“பெரிய அரிச்சந்திரி,” என்றார் சித்தப்பா.

கிருத்திகா ஃபைலை இறுகப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

சொர்ணத்தின் கை கண்ணாடி மேல் அப்படியே நின்றிருந்தது. பிறகு மறுபடி துடைத்தது. சந்திரனின் முகம் தெளிவாகத் தெரிந்ததும் குனிந்தாள்.

“இருபத்தெட்டு வருஷமா உங்க சட்டைய துவைச்சவ நானு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?”