பிள்ளை என்ன எழுதுறா

மகேஸ்வரன் அண்ணை வாக்குச்சீட்டுக் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தால், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பது ஒரே கேள்விதான். "பிள்ளை என்ன எழுதுறா?" பன்னிரண்டு வருடமாக இதே கேள்வி. பிள்ளை என்பது என் மகள் ஹரிஷா. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கும் அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், முகக்கவசத்தை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார், "றோல்ஸ் வாசம் கீழ்மாடி வரைக்கும் வருது" என்றார். கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கதை அவர் வீடுவரை போய்விட்டது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஷாஃப்ஹவுசனில் வாக்களிக்காமல் இருக்க முடியாது. சுவிஸில் வேறெந்த மாநிலத்திலும் இல்லாத சட்டம். தவறினால் ஆறு பிராங்க் தண்டம். ஆறு பிராங்குக்கு இந்த ஊரில் ஒரு கோப்பியும் ஒரு பணிஸும் கூடச் சேர்த்து வாங்க முடியாது. ஆனால் என் கணவர் தில்லைநாதனுக்கு அது காசு விசயம் இல்லை, மான விசயம். இந்த நாடு தன்னைப் பார்த்து ஒரு கடிதத்திலாவது குறை சொல்லிவிடக் கூடாது என்று வாழ்கிற மனிதர் அவர். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை; அங்கே படியில் விழுந்த இலையைக்கூட விடுமுறை நாளில் போய்ப் பொறுக்கிவிட்டு வருவார்.

எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது 2009இல். அந்த வருட முடிவில் முதல் வாக்குச்சீட்டு வந்தது. பள்ளிவாசல்களுக்குக் கோபுரம் கட்டத் தடை வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். ஹரிஷாவுக்கு அப்போது பதினேழு வயது. அவளுக்கே வாக்கு இல்லை, ஆனால் அரசாங்கம் அனுப்பிய விளக்கப் புத்தகத்தை வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னது அவள்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர், "அவன் தன்ர கோயிலுக்குக் கோபுரம் கட்டினா எங்கட வீட்டு வெளிச்சமே மறையப்போகுது?" என்று கேட்டு, தடை வேண்டாமென்று எழுதினார். தடைதான் வென்றது. ஆனாலும் இவர் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு இது ஒரு வழக்கமாகிவிட்டது. கடிதம் வந்தால் ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் சமையலறை மேசையில் கூடுவோம். கீழ்மாடி மகேஸ்வரன் அண்ணை, பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் சிவநேசன், நாங்கள் இரண்டு பேர். ஹரிஷா ஒவ்வொரு கேள்வியையும் விளக்குவாள். ஆதரிக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள், எதிர்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இரண்டு பக்கத்தையும் சொல்வாள். யா, நைன், அதாவது ஆம், இல்லை என்பதை அவரவர் கையால்தான் எழுத வேண்டும் என்பதில் கண்டிப்பு. விளக்கி முடித்ததும் தன் தாளில் எழுதி அதை மேசைக்கு நடுவில் திறந்து வைப்பாள். உடனே எல்லோரும் எட்டிப் பார்த்துக் கொப்பியடிப்பார்கள். "மாமா, உங்கட மூளையால யோசியுங்கோ" என்று அவள் ஏசுவாள். "மூளையை வேலையில விட்டிட்டு வந்திட்டன் பிள்ளை" என்பார் சிவநேசன். உணவகத்தில் சமையல் வேலை அவருக்கு. கடைசியில் இவர் எல்லோருடைய கடித உறைகளிலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, சேர்த்துக் கட்டி, நகரசபைத் தபால்பெட்டியில் தானே கொண்டுபோய்ப் போடுவார்.

இந்த முறை இரண்டு கேள்விகள். ஒன்று பணக்காரர் மீதான வரி. மற்றது, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் செய்ய விடலாமா என்பது.

யூலை மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஹரிஷா வின்டர்தூரிலிருந்து மதுஜாவோடு வந்தாள். இருவரும் அங்கே ஒரே ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை, ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். நாலு வருடமாக மதுஜா எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போகிற பிள்ளை. தீபாவளி, பொங்கல் எதையும் தவறவிட்டதில்லை. அன்று ஹரிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா, நாங்கள் சிநேகிதப் பிள்ளையள் மட்டும் இல்லை" என்றாள். மிச்சத்தையும் சொன்னாள். இவர் எழுந்து பல்கனிக்குப் போய்க் கறிவேப்பிலைச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் நான் ஊற்றியிருந்தேன். சட்டி வழிந்து தண்ணீர் கீழ்மாடிக்குப் போய், மகேஸ்வரன் அண்ணையின் மனைவி மேலே பார்த்துக் கத்தியும் இவர் ஊற்றிக்கொண்டே நின்றார்.

அன்றிலிருந்து ஆறு கிழமை இவர் மகளோடு நேரே ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவள் தொலைபேசி எடுத்தால், "சாப்பிட்டவளோ எண்டு கேள்" என்று என்னிடம் சொல்வார். நான் கேட்பேன். அவள் பதில் சொல்வாள். அதை நான் திரும்ப இவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி.

எனக்கும் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என் கோபம் வேறு. நாலு வருடம் அந்தப் பிள்ளைக்குக் கறி கட்டிக் கொடுத்திருக்கிறேன், என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லையே என்ற கோபம். ஓகஸ்டில் நான் இவருக்குச் சொல்லாமல் வின்டர்தூருக்கு ரயில் ஏறினேன், நன்றாக ஏசிவிட்டு வருவதென்று. மதுஜா தேத்தண்ணி போட அலுமாரியைத் திறந்தாள். உள்ளே நான் கறி போட்டுக் கொடுத்த ஐஸ்கிரீம் டப்பாக்கள் எல்லாம் கழுவி, பெரியது கீழே சின்னது மேலே என்று அடுக்கி, மூடிகளைத் தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தாள். தொலைந்துபோனதென்று நான் நினைத்த நீல மூடி டப்பாவும் இருந்தது. "திருப்பித் தந்தா நீங்கள் அடுத்தமுறை தராமல் விட்டிடுவீங்களோ எண்டு பயம் அன்ரி" என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன ஏசுவது. திரும்பும்போது ரயிலில் அழுதேன், எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கடிதம் வந்ததும் ஹரிஷா தொலைபேசி எடுத்தாள். "அம்மா, ஞாயிறு வாறன். வோட்டு இருக்கெல்லோ." நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மற்றவர்களையாவது வரவேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் இந்த வழக்கமும் நின்றுவிட்டால் பிறகு இவரும் மகளும் ஒரு மேசையில் இருப்பதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது. "வா" என்றேன்.

வந்தாள். மதுஜாவைக் கூட்டி வரவில்லை. வழக்கமான கதிரையில் இருந்து விளக்கப் புத்தகத்தை விரித்தாள். எல்லோருக்கும் முதலே தன் தாளில் எழுதிவிட்டு அதை எடுத்து, எழுத்து கீழே போக, கவிழ்த்து வைத்தாள். நான் றோல்ஸ் பொரித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். இவரும் பார்த்தார்.

வரிக் கேள்வியில் மகேஸ்வரன் அண்ணை இருபது நிமிடம் வாதாடினார், ஏதோ ஊரில் பாதி அவருடைய முதலீடு போல. அதெல்லாம் இரண்டாவது கேள்வி வராமல் இருக்கட்டும் என்றுதான். ஆனால் வந்தது.

ஹரிஷா எப்போதும் போலவே விளக்கினாள். "இப்ப ரெண்டு ஆம்பிளையளோ ரெண்டு பொம்பிளையளோ சேர்ந்திருக்கிறதைப் பதியலாம், ஆனா கலியாணம் எண்டில்லை. இதுக்கு யா எண்டு எழுதினா மற்றாக்களைப் போல அவையும் கலியாணம் செய்யலாம்." பிறகு எதிர்க்கிறவர்கள் சொல்வதையும் சொன்னாள். பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் வேண்டும் என்கிறார்கள், கலியாணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்கிறார்கள். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தது. தன்னை வேண்டாம் என்கிறவர்களின் நியாயத்தையும் இவ்வளவு பக்குவமாகச் சொல்ல இந்தப் பிள்ளைக்கு யார் பழக்கினார்கள்? நாங்கள்தானே, இந்த மேசையில்.

"எங்கட ஆக்கள் எல்லாரும் நைன்தான் போடுகினம்" என்றார் மகேஸ்வரன் அண்ணை, கோப்பையைப் பார்த்தபடி. "விருப்பமில்லாட்டி வெறுமையா விடலாம். அதுவும் வோட்டுத்தான். தண்டம் வராது." கடைசி வசனம் இவருக்காகச் சொன்னது. மனிதர் நல்லவர், நண்பனுக்கு ஒரு வழி காட்டிவிட்டதாக நினைத்தார்.

சிவநேசனுக்கு ஒன்றும் தெரியாது. கிழமைக்கு ஆறு நாள் உணவகத்து அடுப்படியில் நிற்கிறவருக்கு ஊர்க்கதை போய்ச் சேர்வதில்லை. "இப்பவே பதியலாம் எண்டு சொல்லுறாய். பிறகேன் பிள்ளை கலியாணமும் கேக்கினம்?"

ஹரிஷா விளக்கப் புத்தகத்தை மூடி வைத்தாள். "நீங்கள் எஃப் விசாவில எவ்வளவு காலம் இருந்தனீங்கள் மாமா?"

"எட்டு வருசம்."

"இருக்க விட்டிருக்கினம்தானே. பிறகேன் மாத்தச் சொல்லிக் கேட்டனீங்கள்?"

எஃப் விசா என்றால் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான். இருக்கலாம், ஆனால் நீ இங்கே இருக்கிறாய் என்று யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். வேலைக்குப் போனால் அந்த அட்டையைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள், வீடு கேட்டால் இல்லை என்பார்கள், எல்லை தாண்ட விடமாட்டார்கள். என் கணவரும் ஒன்பது வருடம் அதில் இருந்தவர். அந்தக் காலத்தில் ஊரில் இவருடைய தமையன் இறந்தார். போக முடியவில்லை. பத்து நிமிட நடையில் ஜெர்மனி எல்லை, அங்கே போகவே அனுமதி இல்லாத மனிதர் கொழும்புக்கு எப்படிப் போவார்? அன்று முழுவதும் அந்த அட்டையை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதே மேசைதான் இது.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளிவாசல் கோபுரத்துக்காக வாதாடிய அந்த மனிதரைத்தான் தேடினேன். இவர் பேனாவை எடுத்தார். வரிக் கட்டத்தில் எழுதினார். இரண்டாவது கட்டத்தின் மேலே பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை வெறுமையாகவே விட்டுத் தாளை இரண்டாக மடித்து உறைக்குள் வைத்தார்.

ஹரிஷாவும் கண்டாள். எழுந்து வெறும் கோப்பைகளைச் சேர்க்கத் தொடங்கினாள். மகேஸ்வரன் அண்ணை பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதி, அவசரமாக உறைக்குள் போட்டு நாக்கால் ஒட்டினார்.

சிவநேசன் மட்டும் பேனாவும் கையுமாக மேசை நடுவைப் பார்த்தபடி இருந்தார். "பிள்ளை, நீ ஏன் கவிட்டு வைச்சிருக்கிறாய்? நான் என்னெண்டு எழுதுறது?"

"இந்தமுறை நீங்களா யோசியுங்கோ மாமா."

"பன்னிரண்டு வருசமா நான் யோசிக்கேல்லை. இப்ப திடீரெண்டு யோசி எண்டா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த வீட்டில் என்னை ஒருநாளும் யாரும் நீ என்ன எழுதினாய் என்று கேட்டதில்லை. நான் பொரிப்பதற்கும் ஊற்றுவதற்கும் இருக்கிறவள். சட்டியை இறக்கி வைத்தேன்.

"நான் காலமையே எழுதி ஒட்டிப்போட்டன்" என்றேன். "யா எண்டு எழுதினனான். ஒருத்தற்ர தாளையும் பாக்கேல்லை."

ஹரிஷா கோப்பைகளோடு அப்படியே நின்றாள். மகேஸ்வரன் அண்ணை என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். சிவநேசன் அண்ணாந்து எல்லோர் முகத்தையும் பார்த்து, ஏதோ விளங்கி, மெல்லப் பேனாவைக் கீழே வைத்தார்.

இவர் எழுந்து பல்கனிப் பக்கம் திரும்பினார். போச்சு, கறிவேப்பிலைக்கு இன்றும் வெள்ளம்தான் என்று நினைத்தேன். ஆனால் யன்னல் ஓரத்தில் கிடந்த தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து இருந்தார். உறையிலிருந்து தாளை வெளியே எடுத்து, மடிப்பைக் கையால் தேய்த்து நேராக்கினார். அது முழுவதும் நேராகவில்லை.

"ஹரிஷா."

ஆறு கிழமைக்குப் பிறகு இவர் வாயில் அந்தப் பெயர்.

"ஓம் அப்பா."

"நீ என்ன எழுதினனி?" இன்னொருமுறை கேட்டார். "நீ என்ன எழுதினனி பிள்ளை? காட்டு."

ஹரிஷா கோப்பைகளைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தாள். கவிழ்ந்திருந்த தாளை எடுத்துத் திருப்பினாள். றோல்ஸ் தட்டுக்கு இந்தப் பக்கமாக, மேசையின் மெழுகுத்துணி விரிப்பில் தகப்பனுக்கு முன்னால் நகர்த்தினாள். இவர் கண்ணாடியைப் போட்டார். அவளுடைய தாளுக்குப் பக்கத்தில் தன் தாளை வைத்து, இரண்டின் ஓரமும் ஒன்றாக வரும்வரை விரலால் தட்டித் தட்டிச் சரிசெய்தார்.