அக்கா என்று எழுதியவன்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது எலினாவின் வேலை. ஆலையில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. தெரிந்தவர்களும் ‘சர்வர் ரூம் மேடம்’ என்றுதான் சொல்வார்கள். பஞ்சுத் தூசி புகுந்துவிடாமல் இருக்க அந்த அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து உள்ளே போனால், சாயங்காலம் வரைக்கும் ஏசியின் இரைச்சல்தான் பேச்சுத் துணை.

வீட்டிலும் ஆள் இல்லை. அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. படுக்கையில் கிடந்த அம்மாவும் போன வருடம் போய்ச்சேர்ந்தாள். கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. கல்யாணப் பேச்சு அம்மாவின் சீக்கோடு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் எடுத்துப் பேசுவதற்கே ஆளில்லாமல் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஸ்தோத்திரம் சொல்வார்கள், “நல்லா இருக்கீயளா?” என்பார்கள், அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளிடம் போயிருப்பார்கள்.

ஆனால் அவள் கைவேலை ஒன்று எத்தனையோ நாடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கணினி ஒன்றுக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓடவிடுவது இப்போது எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது. அந்த ஒவ்வொன்றின் வட்டும், உள்ளே உள்ள அத்தனையோடும், ஒரே கோப்பாகச் சுருண்டு கிடக்கும். டிஸ்க் இமேஜ் என்பார்கள். ஆலையில் ஒருமுறை அப்படிப்பட்ட பழைய இமேஜிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுக்க வேண்டி, முழுக் கணினியையும் உயிர்ப்பிக்க நாள் பூராவும் அல்லாடியபோது எலினாவுக்குக் கோபம் வந்தது. தோலை மட்டும் உரித்துச் சுளையை எடுப்பதுபோல் ஒரு சின்ன மென்பொருள் எழுதினாள். ‘உரி’ என்று பெயர் வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், பிரித்துப் பார்க்கட்டும் என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டாள்.

எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிகளில், பல்கலைக்கழகங்களில், எங்கோ பனி பெய்யும் ஊர்களின் அலுவலகங்களில் ‘உரி’ நிறுவப்பட்டது. அவளுக்கு வந்த கடிதங்களெல்லாம் புகார்தான். இது ஓடவில்லை, அது மெதுவாக இருக்கிறது, புதுப் பதிப்பு எப்போது வரும், நீ உயிரோடு இருக்கிறாயா இல்லையா. அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் இவற்றுக்கு அவளால் பதில் எழுத முடியவில்லை. இன்னும் கடுமையாகத் திட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அழகுராஜா வந்தான். வந்தான் என்றால், அவன் எழுத்து வந்தது. யாரோ முறையிட்டிருந்த ஒரு பிழையைத் தானே சரிசெய்து அனுப்பியிருந்தான். சுத்தமான வேலை. கீழே ஒரு வரி தமிழில் இருந்தது: “உங்க பேரையும் ‘உரி’ங்கிற பேரையும் பாத்தேன். நம்ம ஊருப் பக்கமா?”

எலினா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

எஸ்தோனியா நாட்டில் வேலை பார்ப்பதாகவும், சொந்த ஊர் கூமாப்பட்டி என்றும், கண்மாய்க்கரைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு, அப்பா பெயர் சங்கையா என்றும் எழுதினான். அடுத்த வாரமே அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். “அக்கா, சாப்டியளா?” “அக்கா, அந்தத் திட்டுற ஆளுக்கு நான் பதில் சொல்லிட்டேன், நீங்க மனசுல வச்சுக்கிடாதிய.” அம்மா இறந்த வாரம், “ரெண்டு மாசத்துக்கு நீங்க இதைத் தொடவே வேணாம். நான் பாத்துக்கிடுதேன்” என்று எழுதினான். பார்த்தும் கொண்டான்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் விளக்கைப் போடுவதற்கு முன்னால் அவன் எழுதியிருக்கிறானா என்று பார்ப்பது அவளுக்குப் பழகிப்போனது. முகத்தைக் காட்ட மாட்டான், கூச்சம் என்பான். ஒருமுறைகூட போனில் பேசியதில்லை. எலினா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி எழுதுகிறான், போதும்.

ஆகவே புதுப் பதிப்புகளை வெளியிடும் சாவியை ஒருநாள் அவன் கேட்டபோது அவள் யோசிக்கவில்லை. சாவி என்பது ஒரு டிஜிட்டல் கையெழுத்து. அது இருந்தால்தான் ‘இது எலினாவின் உண்மையான மென்பொருள்’ என்று நம்பி உலகம் நிறுவும். “உங்களுக்குச் சுமை குறையும்லக்கா” என்றான். அவனுக்கும் தனியாக ஒரு சாவி உண்டாக்கி, தன் சாவிக்குச் சமமாக அதையும் ஏற்கச் செய்தாள்.

இந்தக் கோடையில் ஆலைக்குப் புது சர்வர் வந்தது. ஆலை ஓடாத விடுமுறை நாளில் எலினா அதைப் பிரித்து மாட்டினாள். அவளுக்கு எதையும் இறுக்கமாகச் செய்துதான் பழக்கம். எந்த மென்பொருளும் தன் விருப்பத்துக்கு வெளி இணையத்துக்குப் போகக் கூடாது என்று முதலில் ஃபயர்வால் என்ற தடுப்புச் சுவரால் எல்லா வழியையும் அடைத்தாள். இமேஜ்களைத் திறப்பதற்கென்று அதிகாரம் ஏதுமில்லாத தனிப் பயனர் ஒன்றை உண்டாக்கினாள். படிக்கலாம், எழுத முடியாது என்று பூட்டினாள். பிறகு எல்லாரையும்போல இணையத்திலிருந்து ‘உரி’யின் புதுப் பதிப்பை இறக்கி நிறுவினாள். தான் எழுதியதையே வெளியிலிருந்து வாங்கி வைப்பது வேடிக்கையாக இருந்தது.

கணக்குப் பிரிவிலிருந்து அனுசியா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். ஆடிட்டர் கேட்டதற்காக அவளும் அன்றைக்கு வந்திருந்தாள். “எலினா, போன மார்ச் மாசத்து ஸ்டாக் ஃபைல் பழைய மிஷின்ல இருக்கும். எடுத்துத் தர முடியுமா?”

“செத்த நேரம் உக்காருங்க.”

பழைய இமேஜை ‘உரி’யால் திறந்தாள். கோப்பு வந்தது. கூடவே திரையின் ஓரத்தில் தடுப்புச் சுவரின் எச்சரிக்கையும் வந்தது. ‘உரி’ வெளியே ஒரு முகவரியைத் தொடர்புகொள்ள முயன்றது, தடுக்கப்பட்டது.

எலினா எச்சரிக்கையைத் திரும்பப் படித்தாள். ‘உரி’க்கு வெளியே யாரிடமும் சோலி கிடையாது. இணையத்தோடு பேச அவள் அதற்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. மறுபடி திறந்தாள். மறுபடியும் அதே முகவரி.

“என்னாச்சு? முகமே ஒரு மாதிரி ஆயிருச்சு?” என்றாள் அனுசியா.

“ஒண்ணுமில்ல. ஃபைல் வந்துருச்சு, மெயில்ல போட்டுட்டேன்.”

“மேலுக்கு முடியலையா?”

“இல்ல இல்ல. வெயிலு.”

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அந்த நிமிடம் அவளுக்கு அப்படி இருந்தது. ஆனால் எங்கிருந்து தொடங்குவது? இமேஜ் என்றால் என்ன என்பதிலிருந்தா, தம்பி என்று ஒருவன் இருக்கிறான் என்பதிலிருந்தா? அனுசியா கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எலினா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் கிடந்த மூல நிரலில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நிறுவுவதற்கென்று பொட்டலம் கட்டி வெளியிட்டதில், நிறுவும் கட்டளைகளின் நடுவே மூலத்தில் இல்லாத சில வரிகள் இருந்தன. அந்த வரிகள் ஒரு சோதனைக் கோப்பைத் தேடிப்போயின. பழுதான இமேஜையும் ‘உரி’ சமாளிக்கிறதா என்று பார்ப்பதற்காக அழகுராஜா சேர்த்திருந்த மாதிரி டிஸ்க் இமேஜ் அது. அந்த இமேஜை ‘உரி’யின் பழைய பதிப்பால் அவளே திறந்தாள். பழுது என்று அவன் சொன்ன பகுதியில் பழுது இல்லை. அங்கே ஒரு நிரல் ஒளிந்திருந்தது. ‘உரி’ திறக்கும் ஒவ்வொரு வட்டிலும் கடவுச்சொற்களைத் தேடி வெளியே அனுப்பும் நிரல். ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாமே.

பொட்டலத்தின் மேல் இருந்தது அவன் கையெழுத்து. அவள் கொடுத்த உரிமை.

அவனிடம் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. யாரோ அவன் கணினியில் புகுந்திருக்கலாம், அவனே அறியாமல் நடந்திருக்கலாம். கேட்டால் நிச்சயம் ஏதாவது சொல்வான், அதை நம்பவும் செய்யலாம். விரல் அவன் பெயரின்மேல் வந்து நின்றது. ஆனால் முதலில் கேட்டால் தடயத்தை அழிக்க நேரம் கொடுத்ததாகிவிடும். அவள் அவன் சாவியைச் செல்லாததாக்கினாள். புதுப் பதிப்பை இணையத்திலிருந்து நீக்கினாள். ‘யாரும் நிறுவாதீர்கள், நிறுவியவர்கள் உடனே நீக்கிவிட்டுக் கடவுச்சொற்களை மாற்றுங்கள், சாவியைக் கொடுத்தது நான்தான்’ என்று எல்லாருக்கும் அறிவித்தாள். அதன் பிறகுதான் அவனுக்கு எழுதினாள்.

“ஏன்?”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “அக்கா, செத்த பொறுங்க. சொல்லுதேன்.”

அவள் பொறுத்தாள். ஆலைக் காவலர் வந்து அறைச் சாவி கேட்டபோதும் இன்னும் கொஞ்சம் என்றாள். கடைசியில் திரையில் அவன் பெயர் இருந்த இடம் வெறுமையானது. கணக்கையே அழித்துவிட்டிருந்தான். அவளுக்கு அவன் எழுதியதெல்லாம் அதோடு போயிற்று.

அடுத்த சில நாட்கள் கடிதங்கள் கொட்டின. திட்டியவர்கள், நன்றி சொன்னவர்கள், பத்திரிகைக்காரர்கள். அழகுராஜா என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருந்திருக்கும் என்றார் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர். தனியாகப் பராமரிக்கும், சோர்ந்துபோன ஆட்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று விளக்கினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார். எலினாவுக்கு அந்த வரிதான் எல்லாத் திட்டையும்விட வலித்தது. சாப்டியளா என்று கேட்டது எத்தனை பேர் கூடி யோசித்த கேள்வியோ.

பிறகு கடிதங்கள் குறைந்தன. சாயங்காலங்கள் பழையபடி ஆயின. பழையபடி என்று சொல்ல முடியாது. முன்பு எதற்காக ஏங்குகிறோம் என்று தெரியாமல் இருந்தாள், இப்போது தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து கூமாப்பட்டி. எதற்குப் போகிறாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மலை மிக அருகில் வந்து நின்றது. கண்மாய்க்கரையில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. கடையில் இருந்த அம்மாளிடம் போய்க் கேட்டாள்.

“இங்க சங்கையான்னு... தென்னந்தோப்பு வச்சிருக்காருன்னு சொன்னாங்க.”

“எம் புருசந்தான். நான் வெள்ளத்தாயி. அவிய தோப்புக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருக்காவ. என்ன விசயம் தாயி?”

எலினா கடைக்கு இன்னும் நெருங்கி நின்றாள். “உங்க பையன் அழகுராஜா... வெளிநாட்டுல இருக்காருல்ல?”

வெள்ளத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “எங்களுக்கு ரெண்டும் பொட்டப் பிள்ளைய. ஒருத்தி மம்சாபுரத்துல, ஒருத்தி தேவதானத்துல வாக்கப்பட்டிருக்கா. ஆம்பளப் பிள்ளை இல்லையே.”

“ஊருக்குள்ள வேற யாராவது?”

“சங்கையான்னு வேற ஆளும் உண்டு. தோப்பு இவியளுக்கு மட்டுந்தான். அழகுராஜான்னு வெளிநாட்டுல ஒரு பயலும் இல்ல.” குரலைத் தாழ்த்தினாள். “பணத்தை எதும் வாங்கிட்டுப் போயிட்டானா?”

“இல்ல.”

“கல்யாணம் கட்டுதேன்னானா?”

“அதெல்லாம் இல்ல. தம்பி மாதிரி” என்றாள் எலினா. அம்மாவை அடக்கம் பண்ணிய அன்றுகூட எல்லார் முன்னாலும் அழாதவள், முன்பின் தெரியாத கடைவாசலில் நின்று அழுதாள்.

வெள்ளத்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சோடா ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்தாள். பீடி வாங்க வந்த ஆளை, “பொறவு வாரும்” என்று திருப்பியனுப்பினாள்.

“நாந்தாம்மா தப்பு பண்ணிட்டேன். ஆளைப் பாக்காம நம்பிட்டேன்” என்றாள் எலினா.

“நம்பாம எப்படித் தாயி இருக்கது? நான் கடன் குடுக்கலன்னா இந்தக் கடைக்கு எவன் வருவான்? குடு. கொஞ்சம் பாத்துக் குடு.” காலிச் சோடாப் புட்டியை வாங்கி வைத்துவிட்டு, “பேரை மட்டும் நல்லாத்தான் வச்சிருக்கான் களவாணிப் பய” என்றாள். எலினாவுக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

சோறு ஆக்கியிருக்கிறேன், சாப்பிட்டுப் போ என்றாள் வெள்ளத்தாய். எலினா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். ஆகவில்லை. பஸ் வர வெகுநேரம் இருந்தது. நிறுத்தத்தில் அவள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள். வெயில் தார் ரோட்டில் அலையடித்தது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டே நின்றாள்.

பிறகு திரும்பி, கண்மாய்க்கரையில் கடையை நோக்கி நடந்தாள்.