கடையில் இல்லாத சொல்

அந்த உதிரி பாகக் கடையில் ஒரு சொல்லுக்கு மட்டும் இடமில்லை. ‘தெரியலை.’ முதலாளி சித்தப்பா முப்பது வருஷமாக அதை வாயால் சொன்னதில்லை. உலகத்திலேயே இல்லாத வண்டிக்குப் பாகம் கேட்டாலும் “வந்துட்டே இருக்கு” என்பார்.

கடையின் கெத்துக்குக் காரணம், அவருடைய அண்ணன் பிள்ளைகள் இருவரில் இளையவனான தம்பி. பத்தொன்பது வயதில் கவுன்ட்டருக்கு வந்தான். பாகத்தின் எண்ணைச் சொன்னால் போதும், திரும்பிப் பார்க்காமலே எந்த ரேக், எந்தத் தட்டு, எத்தனையாவது பெட்டி என்று சொல்வான். மெக்கானிக்குகள் அவனுக்கு ‘அகராதி’ என்று பெயர் வைத்தார்கள். போனில் ஆர்டர் எடுக்கும் அக்காவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே இரண்டு அங்குலம் உயர்ந்த மாதிரி இருக்கும்.

அப்புறம் குடி வந்தது. வாரக்கடைசியில் ஆரம்பித்தது, வாரம் முழுக்கப் பரவியது. இருபத்திரண்டு வயதில் அவனுக்கு நேற்று வந்த ஆளை இன்று அடையாளம் தெரியவில்லை. மறந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறந்த இடத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்பினான், அதையும் அடித்துச் சொன்னான். அகராதி என்ற பெயர் மாறவில்லை, திமிர் பிடித்தவன் என்ற அர்த்தத்தில் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அக்கா அவனை மறைத்துக் காப்பாற்றினாள். மூன்றாவது ரேக் என்றால் பேனாவால் மேஜையில் மூன்று முறை தட்டுவாள். அவள் லீவு போட்ட ஒரு நாள், அவன் இதுதான் என்று அடித்துச் சொல்லி எடுத்துக் கொடுத்த பிரேக் ஷூவைப் போட்ட வண்டி சரியாக நிற்காமல் ஒருவர் கை உடைந்தது. சித்தப்பா அவனைக் குடோனுக்கு மூட்டை இறக்க அனுப்பினார்.

அக்காதான் அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். “இந்த வயசுல மூளை இன்னும் கட்டிட்டிருக்கிற வீடும்மா. சிமென்ட் இறுகறதுக்குள்ள தண்ணிய விட்டுட்டார். நிறுத்தினா நிறைய திரும்பும். எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது.”

நிறுத்தினான். முதல் மாதம் வீடே நரகம். இன்றோடு பதினோரு மாதம்.

காலையில் சித்தப்பா அவனைக் கவுன்ட்டரில் நிறுத்தினார். “மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். ஒண்ணு தப்பாக் குடுத்தாலும் குடோன்தான், அப்புறம் கவுன்ட்டர் பக்கமே வரக்கூடாது.” அக்காவிடம் திரும்பினார். “பேனா தட்டுற சத்தம் கேட்டுச்சுன்னா, உனக்கும் அங்கேயே ஒரு நாற்காலி போட்டுடுவேன்.”

அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது! அக்கா பேனாவை டிராயருக்குள் போட்டாள்.

முதலில் வந்ததே, கை உடைந்தவரின் வண்டியில் அந்தப் பிரேக் ஷூவை மாட்டி, ஓட்டிப் பார்க்காமல் கொடுத்துவிட்டு இன்றுவரை வருந்தும் மெக்கானிக். தேய்ந்துபோன ஒரு பிரேக் ஷூவைக் கவுன்ட்டரில் வைத்து, வண்டியின் பெயரைச் சொன்னார். “இதே மாதிரி ஒரு செட். என்ன அகராதி, எங்கே இருக்கு?”

மூன்றாவது ரேக், இரண்டாவது தட்டு. அக்காவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். விரல் நமநமவென்று அரித்தது. தம்பி வாயைத் திறந்தான். பழைய துடுக்கு உதட்டு நுனி வரைக்கும் வந்துவிட்டதை அவள் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“தெரியலைண்ணா.”

சித்தப்பாவின் முகம் கோணியது.

“ஒரு நிமிஷம் இருங்க. அளந்து பார்த்துச் சொல்றேன்.”

அளவுகோலை எடுத்துக் குறுக்கே வைத்து அளந்தான், எழுதினான், கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டி விரல் வைத்து வரி வரியாக வாசித்தான். ஐந்தாவது ரேக்குக்குப் போனான். போச்சு, போச்சு என்று அக்காவின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“இந்த வண்டியில ரெண்டு அளவு வருதுண்ணா. நம்ம மூணாவது ரேக்ல இருக்கிறது நூத்திப்பத்து எம்எம். உங்களுது நூத்திமுப்பது.” புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்துக் காட்டினான். அச்சு அசல் பொருந்தியது.

அக்காவுக்கு வேர்த்துவிட்டது. பேனா கையில் இருந்திருந்தால் மூன்று தட்டியிருப்பாள். இத்தனை நாள் காப்பாற்றிய லட்சணம் இதுதான்! வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமை பெரிதாக இருந்தது. பத்தொன்பது வயதில் அவன் எண்களை ஒப்பித்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

மெக்கானிக் பாகத்தை வாங்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அன்னைக்கும் தெரியலைன்னு சொல்லியிருக்கலாமேடா.”

“அன்னைக்கு அதுவும் தெரியலைண்ணா” என்றான் தம்பி.

வாசலில் ஒருவர் வந்து கிளட்ச் கேபிளைத் தூக்கிக் காட்டினார். “இது இருக்கா முதலாளி?”

சித்தப்பா வழக்கம்போல வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

“எனக்குத் தெரியலைங்க. கவுன்ட்டர்ல தம்பி இருக்கான், அவன்கிட்ட கேளுங்க.”