கொதிக்கக் கூடாத ஒயின்

அன்று மாலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நான் அல்போன்ஸ், ஃபீனிக்ஸ் பே படகுப் பட்டறையில் தச்சு மேஸ்திரி. என் மனைவி சூசைமேரி. மகள் சிசிலியா. என் அக்கா அன்னம்மாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜம்புலிங்கம், துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. ஆறாவது, ஸ்வீடன் நாட்டு இன்ஜினியர் நில்சன். தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் எவரும் அன்று எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை.

1964 கிறிஸ்துமஸ். புதுப் படகுக்கு டீசல் இன்ஜின் பூட்ட வந்த நில்சன், உதிரிப் பாகங்கள் மெட்ராஸிலிருந்து எங்கள் தீவுக்கு வந்து சேராததால் ஊர் திரும்ப முடியாமல் தங்கிவிட்டார். பண்டிகைக்கு அவர்கள் வீட்டில் சிவப்பு ஒயினில் ஏலக்காய், பட்டை, கிராம்பு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கி, உலர்திராட்சையும் பாதாமும் கிடக்கும் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பார்களாம். க்ளோக் என்று பெயர். இந்த வருடம் அது இல்லை என்று அவர் வருத்தப்பட்டபோது, பட்டறையே கேட்க நான் சொன்னேன், என் வீட்டில் உண்டு என்று. சொன்ன சொல்லை எங்கள் குடும்பம் திரும்ப வாங்கியதில்லை.

ஒரு சரக்குக் கப்பல் கேப்டனிடம் கேட்டு வாங்கிய இரண்டு பாட்டில் ஒயினை என்னிடம் கொடுத்தபோது, பட்டறையில் கற்ற இந்தியில் நில்சன் ஒன்று சொன்னார். “கரம் கரோ. உபால்னா நஹீ.” சூடு செய், கொதிக்க விடாதே.

நான் தலையாட்டினேன். ஆனால் அடுக்களையில் சொல்லவில்லை. அன்னம்மாள் அக்காவின் கஷாயத்துக்கு வடக்கே தூரத்து மாயாபந்தரிலிருந்துகூட ஆள் வரும். அவரிடம் போய் அடுப்பு எரிக்கும் முறையைச் சொல்வது மரியாதையா? பொருள்களின் பெயரை மட்டும் சொன்னேன்.

பெயர்களைக் கேட்டதும் அக்கா, “இது கஷாயம்தானல, இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று பாத்திரத்தை ஏற்றிவிட்டார். நில்சன் இருமுவது காதில் விழவே, திப்பிலியும் தட்டிப் போட்டார்.

முன்னறையில் நாங்கள் காத்திருந்தோம். வீடெல்லாம் மணத்தது.

“வாசனை பஹுத் அச்சா, மேஸ்திரி,” என்றார் ஜம்புலிங்கம். “ஆனா இவ்வளவும் வெளியே வந்துட்டா உள்ளே என்ன மிஞ்சும்?”

நில்சன் மூக்கை உயர்த்தினார். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். “உட்காருங்க சாப்,” என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா ஒரே ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். படகுக்குப் பூசும் தார் போல இருந்தது. நில்சன் ஒரு கரண்டி வாயில் விட்டார். கண்ணில் நீர் வந்தது.

“மஜ்பூத்,” என்றார். பட்டறையில் நல்ல மரத்துக்குச் சொல்லும் சொல் அது. உறுதி என்று பொருள்.

“ரெண்டு பாட்டில் இருந்ததே, அக்கா?” என்றார் ஜம்புலிங்கம்.

“குறுக்கினேன். எட்டுக்கு ஒண்ணு.”

“அப்ப ஏழு பங்கு தகரக் கூரைக்கு. இன்னைக்கு உங்க வீட்டுப் பல்லியெல்லாம் பாடும்.”

அக்கா சிரிக்கவில்லை. “கொதிக்க வைக்கக் கூடாதோ?” என்று மெல்லக் கேட்டார். நில்சன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்தேன்.

சூசைமேரிதான் எழுந்தாள். “மேஸ்திரி குடுத்த வாக்கை நான் காப்பாத்துறேன்,” என்று புத்தாண்டுக்கு வைத்திருந்த பீங்கான் ஜாடியைத் திறந்தாள். வருடாவருடம் அவள் போடும் உலர்திராட்சை ஒயின். நில்சன் அடுக்களை வாசலில் நின்று, கையைத் தாழ்த்தித் தாழ்த்தித் தீயைக் குறைக்கச் சொன்னார். ஆவி எழுந்ததும் இறக்கினாள். கிண்ணத்துக்கு ஒரு கரண்டி அக்காவின் கஷாயம், மேலே சூடான ஒயின். பாதாம் ஏது இங்கே? கடற்கரையில் பொறுக்கிய நாட்டு வாதுமையை சிசிலியா உடைத்துப் போட்டாள்.

நில்சன் குடித்தார். கிண்ணத்தை இரண்டாம் முறை நீட்டினார். பிறகுதான் வாய் திறந்தார்: “என் அம்மா திப்பிலி போட மாட்டார். இனிமேல் போடச் சொல்கிறேன்.” நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்காவின் முகம் தெளிந்தது. மிஞ்சிய கஷாயத்தை நில்சன் ஒரு குப்பியில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“தீயைக் குறைக்கணும்னு இவ்வளவு கையை ஆட்டுறவரு, ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லலியா?” என்றாள் சூசைமேரி.

நான் இருமினேன்.

“ஏல அல்போன்சு, ஒனக்குமா இருமல்?” என்று அக்கா பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த கஷாயத்தை வழித்து ஒரு கரண்டி நீட்டினார். குடித்தேன். திப்பிலி காதுவரை ஏறியது.

விருந்தாளியின் ஒயினை அன்னம்மாள் கெடுத்துவிட்டார் என்று ஃபீனிக்ஸ் பேயில் பத்து வருடமாகப் பேச்சு இருக்கிறது. அது தவறு. கொதிக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லப்பட்டது. நான் அக்காவிடம் சொல்லவில்லை. கெடுத்தவன் நான்.