பழைய என்ஜின் எனக்கே வேண்டும்

கியாலோ ஐந்தரைக்கு எழுந்தான். வியாழக்கிழமை, குழாயில் தண்ணீர் வரும் நாள். இரண்டு டிரம்களையும் நிரப்பினான். டீ போட்டான். நேற்றைய சப்பாத்தியைச் சூடாக்கித் தின்றான். சட்டையில் காலரை மட்டும் இஸ்திரி போட்டான்; மிச்சத்தை ஸ்வெட்டர் மறைத்துவிடும். கதவைப் பூட்டினான். எட்டு மணிக்கு நைரோபியில், மெக்கானிக் கதோகோவின் பட்டறையில் நின்றான்.

அவன் மனைவி மும்புவாவின் கார் இரண்டு மாதமாக அங்கேதான் கிடக்கிறது. மச்சகோஸ் சாலை மேட்டில் என்ஜின் இறுகி நின்றது. இறங்கியவளை லாரி அடித்தது. காரில் ஒரு கீறல்கூட இல்லை.

"வா தம்பி. ஜப்பான்லேர்ந்து இறங்கின என்ஜின், டர்போவோட ஒண்ணே முக்கால் லட்சம் ஷில்லிங். பழசை இங்கேயே விட்டுட்டுப் போ, முப்பதாயிரம் குறைச்சுக்கறேன்."

பழையதைக் கொடுத்துப் புதியதை எடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். கொடுத்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கழற்றிய என்ஜின் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தது.

"என்கிட்ட எண்பதாயிரம்தான் இருக்கு. பழசை எனக்கே கொடுங்க. முதல்ல அடியில இருக்கற ஆயில் தொட்டியை, அந்த சம்ப்பைக் கழட்டுங்க, பாக்கணும்."

"செத்ததைக் கிழிச்சு என்ன பாக்கப் போற?"

கதோகோ குரலைத் தாழ்த்தினான்.

"தப்பா எடுத்துக்காத. அந்தப் பொண்ணுக்குக் கால் கொஞ்சம் கனம். டர்போ வண்டியை விரட்டிட்டு வந்து பொசுக்குனு அணைச்சா அது தாங்குமா? அன்னிக்கு ரோட்டுலேர்ந்து போன் பண்ணி அவளேதான சொன்னா, 'வேகமா ஓட்டி உடைச்சுட்டேன் அண்ணே'ன்னு."

இதையே அடக்கத்தன்றும் சொன்னான், கையில் பிலாவ் தட்டோடு. கியாலோவின் மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அதுதான் கதை: வேகம், திமிர், அதனால் சாவு. ஆனால் மும்புவா தினமும் வாசலில் காரை நிறுத்தி, டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பாள். "பெட்ரோல் என்ன குழாய்த் தண்ணியாம்மா?" என்று காவல்காரர் கேலி செய்வார். அவள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அணைப்பாள்.

"சம்ப்பைக் கழட்டுங்க," என்றான் கியாலோ. இந்தமுறை தெருவுக்கே கேட்டது.

பக்கத்து லேத் கடையில் கிராங்க் ஷாஃப்ட் கடைந்து தரும் வான்சா ஸ்பேனரோடு வந்தாள்.

"நாலு போல்ட்டுக்கு என்ன பஞ்சாயத்து? நான் கழட்டறேன்."

"உனக்கு இங்க என்ன வேலை, வான்சா?"

"பக்கத்து வீட்டுல தீய்ஞ்சா என் மூக்கு சும்மா இருக்குமா?"

சம்ப் கழன்று வந்தது. உள்ளே எண்ணெய் உறிஞ்சும் வலை இருந்தது. வலையின் கண்களே தெரியவில்லை. சாம்பல் நிறப் பசை சவ்வாகப் படிந்து அதை அடைத்திருந்தது. வான்சா ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். ரப்பர் போல நீண்டது.

"கல்யாண கேக்குக்குக்கூட இவ்வளவு க்ரீம் பூச மாட்டாங்க. ஓரத்துல பூசின பசை பிதுங்கி உள்ள விழுந்திருக்கு. ஆயில் எப்படி மேல ஏறும்? முதல்ல டர்போ காயும், அப்புறம் பேரிங். காலு கனமாம்ல காலு! பிப்ரவரியில ஆயில் ஒழுகுதுன்னு இதை ஒட்டினது யாரு?"

"எல்லா வண்டியிலயும் கொஞ்சம் இருக்கும்..." என்றான் கதோகோ.

கியாலோ பையிலிருந்து மும்புவாவின் போனை எடுத்தான். திரை விரிசல் விட்டிருந்தது. அன்றைய அழைப்புகளைக் காட்டினான். கதோகோ பெயர் மூன்று முறை. மூன்றிலும் ஒரு நொடி பேச்சில்லை.

"நீங்க எடுக்கவே இல்லையே அண்ணே. 'வேகமா ஓட்டிட்டேன்'னு யார் சொன்னா உங்ககிட்ட?"

கதோகோ துணியால் கையைத் துடைத்தான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"என்ஜினை என் கடைக்குத் தள்ளு," என்றாள் வான்சா. "பிளாக் நல்லா இருக்கு. கிராங்க்கைக் கடைஞ்சு, பேரிங் புதுசு போட்டு, பழைய டர்போ ஒண்ணு பாத்தா எண்பதுக்குள்ள முடிச்சிடலாம்."

"அந்த வலையைக் கழுவாதீங்க அக்கா. அது அப்படியே வேணும்."

அங்கேயே நின்று மாமியாரை அழைத்தான். கதோகோவைப் பார்த்துக்கொண்டே வலையைப் பற்றிச் சொன்னான், பசையைப் பற்றிச் சொன்னான், மூன்று அழைப்புகளைப் பற்றிச் சொன்னான்.

"அப்போ என் பொண்ணு கடைசியா என்னதான்யா சொன்னா?"

இரண்டு மாதமாக அவன் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கதோகோ சொன்னதே எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

"கடைசியா எனக்குத்தான் போன் பண்ணினா, அத்தை. சொல்றேன். 'ஆயில் லைட் எரியுதுன்னு போன வாரமே கதோகோகிட்ட சொன்னேன், ஒயர் லூஸுன்னு சிரிச்சான். இப்ப மூணு தடவை அடிச்சேன், எடுக்கல. நீ போனை வை, பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும், எச்சரிக்கை முக்கோணத்தை ரோட்டுல வெச்சுட்டு வந்து பேசறேன்.'"