எர்த் பின்

நவம்பர் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியலிலிருந்து விட்டு விட்டுத் தூறல். வாசலில் விரித்து வைத்த குடைகளைச் சுற்றிச் சேற்றுநீர் தேங்கியிருந்தது.

"ஓரமா தூக்குய்யா, சுவத்துல இடிக்காத!" என்று அண்ணனுடைய இசைக்குழுவின் டிரம்ஸ்காரன் கத்தினான். குழுவின் பாடகர் முன்னும் அவன் பின்னுமாக, கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டியை, அந்தப் பழைய வால்வு ஆம்பைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். முந்தாநாள் மேடையில் அதனோடு இணைத்த கிட்டாரைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் விழுந்து இறந்தான். இப்போது அதே பெட்டியை அவனுடைய தலைமாட்டில் வைத்துவிட்டு, கடையில் பொம்மையை நிறுத்தியவர்கள் போலத் தள்ளி நின்று அழகு பார்த்தார்கள்.

தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாடிய மாலைகளின் நாற்றத்தையும் ஈரச் சட்டைகளின் நாற்றத்தையும் பாடகர் அள்ளித் தெளித்திருந்த சென்ட் ஒன்றாகக் குழைத்திருந்தது.

"யாருக்கும்மா கிடைக்கும் இப்படி ஒரு சாவு? கையில கிட்டார், உதட்டுல பாட்டு. ராஜா மாதிரி போயிட்டான்," என்றார் பாடகர், சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி.

பிணவறையில் துணியை விலக்கிப் பார்த்தவள் தங்கை ஒருத்திதான். அந்த ராஜாவின் உதட்டில் மைக்கின் கம்பிவலை கரும்புள்ளிகளாகப் பதிந்திருந்தது. இடக்கை விரல்களில் தந்திகள் கோடு கிழித்திருந்தன. அந்தக் கருகல் நெடி அவள் குடிக்கும் தண்ணீரிலும் இருந்தது.

அண்ணி மெல்ல அருகில் வந்தாள். "மேடை ஈரமா இருந்துச்சாம், அதான் ஷாக் அடிச்சிருச்சுன்னு சொல்றாங்க. அவர் கிட்டாரை நான் பிடிச்சுக்கிட்டு நாலு வரி பாடணுமாம். பாடிட்டு அனுப்பிடலாம்மா."

"அந்தப் பெட்டியில வேணாம் அண்ணி."

"ஆரம்பிச்சுட்டா!" என்றான் டிரம்ஸ்காரன். "தாயே, நீ லிஃப்ட் மெக்கானிக்தான், ஒத்துக்கறோம். லிஃப்டுக்குப் போடுற கணக்கைப் பாட்டுக்குப் போடாத."

"போன வருஷம் அதுக்கு மூணு கம்பி வயர் போட்டுக் குடுத்தது யாரு? உள்ள இருக்கிற தகட்டுல கரண்ட் கசிஞ்சா, எர்த் வழியா மண்ணுக்கு ஓடி அப்பவே பியூஸ் போயிருக்கணும். ஏன் போகல?"

பாடகர் தலையை ஆட்டிச் சிரித்தார். "அதைக் கேக்குறியா! நீ புண்ணியம் கட்டிக்கிட்ட நாள்லேருந்து, என் சவுண்ட் போர்டோட சேத்தா ஒரே இரைச்சல், எருமை செருமுற மாதிரி. நான்தான் பிளக்ல மேல இருந்த எர்த் பின்னைக் கழட்டினேன். கப்சிப்! உங்க அண்ணன் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான், தெரியுமா?" சாவிக்கொத்தை உயர்த்திக் குலுக்கினார். சாவிகளுக்கு நடுவே தடித்த பித்தளைத் துண்டு ஒன்று பளபளத்தது. "ஞாபகார்த்தமா வச்சிருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். தங்கை அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். இரைச்சல் நின்றதற்காக ஒருவனைக் கட்டிப்பிடித்த முகம். அதிலிருந்தும் அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

இதற்குள் டிரம்ஸ்காரன், கீழ்த்துளைகளின் அடைப்பு திறப்பதற்காகப் பேனா மூடியைச் சாக்கெட்டின் மேல் துளையில் செருகி, இரண்டே பின் கொண்ட பிளக்கை அழுத்தியிருந்தான். பல நாள் பழகிய கை. சிவப்பு விளக்கு எரிந்தது. தூசி சூடேறும் வாடை பரவியது. பாடகர் தன் சவுண்ட் போர்டோடு இணைத்த மைக்கை அண்ணியின் வாயருகே தாழ்த்தினார். அண்ணி பெட்டியோடு இணைத்துச் சாய்த்து வைத்திருந்த கிட்டாரை நோக்கிக் கை நீட்டினாள்.

தங்கை பாய்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பற்றிப் பின்னால் இழுத்தாள். சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை உருவித் தந்தியின்மேல் வைத்தாள். அதன் கைப்பிடிக்குள் சிறு விளக்கு செக்கச் சிவந்து எரிந்தது.

சிரித்தவர்கள் தத்தம் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"டெஸ்டர் பழசா இருக்கும்," என்றார் பாடகர்.

"மைக் எர்த்துல இருக்கு. தந்தியில கரண்ட் இருக்கு. நடுவுல எங்க அண்ணன் இருந்தான்." தங்கையின் குரல் உயரவில்லை. "சந்தேகம்னா வாங்க. ஒரு கையில இது, ஒரு கையில அது. நீங்களும் ராஜா மாதிரி போகலாம்."

பாடகர் வரவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சடலத்தின் மறுபக்கத்துக்கு நகர்ந்து நின்றார்.

தங்கை சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள். அண்ணி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பின்கள், அவற்றுக்கு மேலே வெறும் துளை. பிறகு அண்ணனின் காலடியைச் சுற்றிக்கொண்டு போய், பாடகருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

"குடுங்க."

"என்னம்மா?"

அவள் கையை மடக்கவில்லை.

பாடகர் வளையத்தை நகத்தால் நெம்பினார். வியர்வையில் நகம் வழுக்கியது. வளையம் பிளந்து, மீண்டும் மூடிக்கொண்டது. சாவிகள் தரையில் விழுந்தன, குனிந்து பொறுக்கினார். டிரம்ஸ்காரன்கூட உதவிக்கு வரவில்லை. கடைசியில் பித்தளைப் பின் கழன்று அவளுடைய உள்ளங்கையில் விழுந்தது. அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. தூக்குவதற்கு எல்லோரும் இரண்டு கைகளையும் கொடுத்தார்கள். அண்ணி மட்டும் ஒரு கையைக் கொடுத்தாள். அப்போது மணி பதினொன்று இருபது.