தேய்த்து மினுக்கிய கம்பிகள்

"உன்கிட்ட ஒரு வார்த்தை வாங்கணும்னா எந்தக் கடையில போய்க் கேக்கணும்?" என்று முதலாளியம்மா ஒரு தடவை மின்சார வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எண்ணெய் வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தப் பெண்ணும் தன் வேலைக்குத் திரும்பினாள்.

பழைய எண்ணெய் காய்ச்சும் அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் அவள் வாயில்லாப்பூச்சிதான். அவளுக்கும் சேர்த்து அவளுடைய அண்ணன் பேசினான். குழாய் பொருத்துவது, பற்றவைப்பது எல்லாம் அவன் வேலை. கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. மின்சார வேலை தங்கையுடையது. இருவரும் சேர்ந்துதான் கிடங்கின் மூலையில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு மிஷினைச் செய்து வைத்திருந்தார்கள்.

வண்டிப் பட்டறைகளில் வடித்தெடுத்த கறுப்பு எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக அங்கே வந்து இறங்கும். அதைப் பெரிய அடுப்பில் ஏற்றி விறகெரித்துக் காய்ச்சினால், கனத்த எண்ணெய் உடைந்து மெல்லிய எண்ணெய் ஆவியாகக் கிளம்பும். குளிரவைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுப்பைப் பார்த்துக்கொள்பவரை அடுப்பு மாமா என்பார்கள். அங்கே யாருக்கும் அவர் சொந்த மாமா இல்லை, அதனாலேயே எல்லோருக்கும் மாமா. எரிகிற விறகில் பாதிச் சூடு ஆகாயத்துக்குத்தான் போகிறது என்று அவருக்கே தெரியும். "போகட்டும், ஆகாயத்துக்கும் குளிருமில்ல" என்பார்.

அவர்களுடைய மிஷினில் நெருப்பே கிடையாது. கெட்டிக் கண்ணாடி ஜாடி நிறையக் கறுப்பு எண்ணெய். அதற்குள் எதிரெதிராக இரண்டு கம்பிகள், நுனிக்கும் நுனிக்கும் நடுவே ஒரு நகத்தின் கனத்துக்கு இடைவெளி. சிலிண்டரிலிருந்து விடும் வாயு அடியிலிருந்து குமிழ் குமிழாக ஏறிவரும். ஒரு குமிழ் அந்த இடைவெளியைக் கடக்கும்போது அதற்குள் தீப்பொறி பாயும். பாய்ந்த இடத்தில் எண்ணெய் உடையும், மற்ற எண்ணெய் சும்மா இருக்கும். அண்ணன் இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவான்: "ஒரே ஒரு ஆளை எழுப்ப அடுப்பு தெருவையே எழுப்புது. நாங்க அந்த ஆள் வீட்டுக் கதவை மட்டும் தட்டறோம்."

அவளுக்கு விளக்கமெல்லாம் வேண்டாம். தீப்பொறியின் சடசட சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். உலகத்தில் தன்னை யாரும் பேசச் சொல்லாத ஒரே இடம் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது கெடு வந்திருந்தது. தனக்கு இன்னொரு அடுப்பு வேண்டும் என்று மாமா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அந்த மூலையை விட்டால் வேறு இடமில்லை. "நீங்க ஓட்டிக் காட்டுங்க. என் கண்ணு முன்னால தெளிவா எண்ணெய் சொட்டினா மூலை உங்களுக்கு. இல்லேன்னா அடுப்புக்கு" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். இன்று காலையில் புது அடுப்புக்கான செங்கல் வண்டி வேறு வாசலில் வந்து நின்றது.

முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாமா தூணில் சாய்ந்துகொண்டார். தங்கை முதலில் வாயுவைத் திறந்து, ஜாடிக்குள் இருந்த காற்றெல்லாம் வெளியேறும் வரை விட்டாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

குமிழ்கள் வந்தன, போயின. தீப்பொறி வரவில்லை.

"கொஞ்சம் ஏத்தறேன்" என்று அண்ணன் மின்சாரத் திருகில் கைவைத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இதற்கு மேல் ஏற்றினால் மின்சாரம் மூடியைச் சுற்றிக்கொண்டு வேறெங்காவது பாயும். சுவிட்சை அணைத்துவிட்டு, மூடியோடு கம்பிகளைத் தூக்கித் துணியால் துடைத்துப் பார்த்தாள். கம்பிகள் இரண்டும் கடையில் வாங்கிய புது ஸ்பூன் மாதிரி பளபளத்தன.

அண்ணனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் முதலாளியம்மா.

"கரண்ட் கம்மியா வருதும்மா."

"என் அடுப்புக்குக் கரண்டே வேணாம்" என்றார் மாமா, பொதுவாக.

"செங்கல்லை இறக்கச் சொல்லிடட்டுமா?" முதலாளியம்மா நாற்காலிக் கையைப் பிடித்து எழப்போனாள்.

அண்ணன் பேசுவான் என்று தங்கை காத்திருந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் வாயைத் திறக்கவில்லை.

"கம்பி ரொம்பச் சுத்தமா இருக்கும்மா" என்றாள்.

முதலாளியம்மா பாதி எழுந்தபடியே நின்றாள். "சுத்தமா இருக்கறது ஒரு குத்தமா?"

"இதுக்குக் குத்தந்தான்மா. ஓட ஓட நுனியெல்லாம் சொரசொரப்பாகி, கரி ஒட்டிக்கும். அந்த மேட்டுலேருந்துதான் பொறி கிளம்பும். வழவழன்னு இருந்தா அதுக்குக் கால் ஊன இடமில்ல." இத்தனை வார்த்தைகளை ஒரேயடியாக அவள் செலவழித்ததே இல்லை.

"யார் தேய்ச்சது?"

அவள் துணியை மடிக்கத் தொடங்கினாள். அண்ணன் தலையைச் சொறிந்தான். "நான்தாம்மா. நீங்க வர்றீங்களேன்னு, விடியறப்பவே வந்து உப்புத்தாள் போட்டு..."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்வளவு தேய்ச்சுக்கிட்டு வரலப்பா" என்றாள் முதலாளியம்மா. மாமாவுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது.

"சரி பொண்ணு, இப்ப என்ன செய்யணும்?"

அவள் தூணின் பக்கம் திரும்பினாள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. "மாமா, உங்க புகைபோக்கியிலேருந்து கொஞ்சம் கரி வேணும்."

மாமா தூணை விட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, என் அடுப்பு வர்ற இடத்தைப் புடிக்கறதுக்கு என் அடுப்புக் கரியையே கேக்கறியா?"

"ஆமா மாமா."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாயில்லாப்பூச்சின்னு எவன்டா சொன்னான்" என்று முனகிக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது ஒரு டப்பா மூடி நிறைய மெத்தென்ற கரி கொண்டுவந்தார்.

அவள் நுனிகளை அரத்தால் லேசாகக் கீறினாள். கரியை எண்ணெயில் குழைத்து விரலால் பூசினாள். விலகியிருந்த இடைவெளியைச் சரிசெய்து மூடியை இறுக்கினாள். மறுபடியும் வாயுவை ஓடவிட்டாள். அவசரமே படவில்லை, பேசி முடித்தவளுக்கு வருகிற ஒரு நிதானம் அவளுக்கு வந்திருந்தது. சுவிட்சைப் போட்டாள்.

கறுப்புக்குள் நீலமாக ஒன்று சிமிட்டியது. நின்றது. இரண்டு மூன்று தடவை தயங்கித் தயங்கி வந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்ட மாதிரி சடசடவென்று இறங்கியது. குமிழ்கள் ஆவியைத் தூக்கிக்கொண்டு மேலேறின. ஆவியைக் குளிரவைக்கும் சுருள் குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, பாட்டிலுக்குள் விழுந்தது. இளமஞ்சளாக இருந்தது.

"ஜாடியைத் தொடலாமா?" என்றாள் முதலாளியம்மா.

"தொடலாம்மா, வெளிக் கண்ணாடிதான்."

தொட்டுப் பார்த்தாள். "குளிக்கற தண்ணி சூடுகூட இல்லையே" என்றாள். பாட்டிலின் அடி மறைகிறவரை நாற்காலியை விட்டு நகரவில்லை. அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "செங்கல்லைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். "மாமா, உங்க பழைய அடுப்பு எங்கயும் போகல. மூலை மட்டும் இவங்களுக்கு."

"கரண்ட் எப்படிப்பா வருது?" என்று அண்ணனையும் ஒரு கேள்வி கேட்டாள்.

"இப்ப நல்லா வருதும்மா."

தங்கை சிரித்துவிட்டாள், சத்தமாகவே.

மாமா பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு விரலை நனைத்து முகர்ந்தார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் அது கறையில்லாமல் காய்ந்து போயிற்று. மறுபடியும் நனைத்தார், மறுபடியும் காய்ந்தது. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். மீதிக் கரியோடு இருந்த மூடியை தங்கையின் கைக்கு எட்டுகிற மாதிரி மேசைமேல் தள்ளிவைத்துவிட்டு, தன் அடுப்பைப் பார்க்க நடந்தார்.